கன்ட்ரோலரைக் கீழே வைங்க: ஃபைட்டிங் கேமில் பயிற்சியும் இடைவெளியும்

இந்த எபிசோடை ஒரு தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னுடைய தோல்விதான்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. ராத்திரி பதினோரு மணி. டயமண்ட் ரேங்கைத் தொட இன்னும் மூணு வெற்றி போதும். 'மூணே மூணு மேட்ச், ஜெயிச்சிட்டுத் தூங்கிடலாம்'னு உட்கார்ந்தேன். முதல் மேட்ச் தோத்தேன். சரி, இப்ப நாலு வெற்றி வேணும். அடுத்ததும் போச்சு. அஞ்சு. இப்படியே விடிகாலை மூணு மணிக்குப் பார்த்தா, டயமண்டுக்கு இன்னும் பதினஞ்சு வெற்றி வேணும்! காலையில அம்மா காபியைக் கையில கொடுத்துக்கிட்டே கேட்டாங்க: "நேத்து ராத்திரி பூரா யாரைத் திட்டிக்கிட்டு இருந்த?"

அடுத்த ரெண்டு வாரமும் இதே கதைதான். ஆடுற நேரம் கூடக் கூட ஆட்டம் மோசமாயிட்டே போச்சு. தூக்கம் இல்லை, ஆபீஸ்ல கவனம் இல்லை. பிடிச்சு விளையாடின ஒரு கேமை ஆன் பண்ணவே எரிச்சல். அப்புறம் அக்கா கல்யாணம் வந்தது. பத்திரிகை, பந்தி, மறுவீடுன்னு மூணு வாரம் மதுரையில. கன்சோல் சென்னையில.

திரும்பி வந்து உட்கார்ந்தப்போ ரெண்டு விஷயம் கவனிச்சேன். ஒண்ணு, காம்போ போட்டா கை தடுமாறுது. முன்னாடி கண்ணை மூடிக்கிட்டுப் போட்டதெல்லாம் பாதியில அறுந்து போகுது. ரெண்டாவதுதான் ஆச்சரியம். எதிராளி டிரைவ் இம்பாக்ட் போட்டா முன்னாடி பத்துக்கு ரெண்டு தடவைகூட பதில் சொல்ல முடியாத நான், இப்போ நிதானமா பார்த்துத் திருப்பி அடிக்கிறேன்.

ஆடாமலே இருந்தா ஆட்டம் எப்படி முன்னேறும்? எது முன்னேறுது, எது துருப்பிடிக்குது? இன்னிக்கு இதைத்தான் பேசப் போறோம்.

இந்த விளையாட்டு நம்மகிட்ட என்ன கேக்குது?

ஃபைட்டிங் கேம் ஆடாதவங்களும் கேட்டுக்கிட்டு இருப்பீங்க, அதனால சின்னதா ஒரு அறிமுகம். ரெண்டாயிரங்கள்ல நம்ம ஊர் கேம் கடைகள்ல டெக்கன் 3 ஆடினவங்களுக்கு எடி கோர்டோவை ஞாபகம் இருக்கும். எந்தப் பட்டனை எப்படித் தட்டினாலும் சுத்திச் சுத்தி உதைப்பான். ஒண்ணும் தெரியாத பையன்கூட எடியை எடுத்துட்டா ரெண்டு ரவுண்டு ஜெயிச்சிடுவான். ஆனா எதிர்ல தெரிஞ்சவன் உட்கார்ந்துட்டா, அந்த வித்தை அஞ்சு நிமிஷம்கூடத் தாங்காது. அந்த 'தெரிஞ்சவன்' ஆகுறது எப்படிங்கிறதுதான் நம்ம விஷயம்.

இந்த கேம்கள் விநாடிக்கு 60 ஃப்ரேம் வேகத்துல ஓடும். அதாவது ஒரு ஃப்ரேம்ங்கிறது சுமார் 16.7 மில்லி விநாடி. நான் சொன்ன டிரைவ் இம்பாக்ட், பட்டன் அமுக்கியதிலிருந்து அடி விழ 26 ஃப்ரேம் எடுத்துக்கும். சுமார் 430 மில்லி விநாடி. திரையில ஒண்ணைப் பார்த்த உடனே ஒரு பட்டனை அமுக்க மனுஷனுக்குத் தோராயமா 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். அப்போ கணக்குப்படி நேரம் தாராளமா இருக்கு. நாமளும் டிரைவ் இம்பாக்ட் போட்டுத் திருப்பி அடிச்சிடலாம். அப்புறம் ஏன் முடியறதில்லை?

ஏன்னா அதை மட்டுமே நாம எதிர்பார்த்துக்கிட்டு இருக்கறதில்லை. எதிராளி குதிப்பானா, பிடிச்சுத் தூக்கிப் போடுவானா, தூரத்திலிருந்து ஃபயர்பால் விடுவானா, இப்படிப் பத்து கேள்வி ஒரே நேரத்துல தலைக்குள்ள ஓடுது. ஆடுறவங்க இதை 'மென்டல் ஸ்டாக்'னு சொல்வாங்க. தலையில சுமக்குற அடுக்குன்னு வைங்க. அதுல நம்ம சொந்த காம்போவும் ஒரு தட்டா ஏறிடுச்சுன்னா, அடுக்கு சரிஞ்சிடும்.

பயிற்சியோட வேலையே அந்த அடுக்குல இருந்து ஒவ்வொரு தட்டா இறக்குறதுதான். கை தானா செய்யப் பழகிட்டா, தலைக்கு எதிராளியைப் பார்க்க இடம் கிடைக்கும். சரி, அந்தப் 'பழகுறது' எப்போ நடக்குது? கன்ட்ரோலர் கையில இருக்கும்போதா? பாதி அப்படி. மீதிப் பாதி, கையை எடுத்த அப்புறம்.

பத்து விநாடி இடைவெளி

2019-ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல ஒரு ஆராய்ச்சி நடந்தது. வலது கைப்பழக்கம் உள்ள 27 பேர். இடது கை விரல்களால 4-1-3-2-4 அப்படிங்கிற வரிசையை முடிஞ்ச அளவு வேகமா தட்டணும். பத்து விநாடி தட்டு, பத்து விநாடி சும்மா இரு. இதே மாதிரி மொத்தம் 36 தடவை. நம்ம காம்போ பழகுற மாதிரியேதான், இல்லையா?

ஆரம்பக் கட்டத்துல வேகம் எங்கே கூடுதுன்னு பார்த்தாங்க. தட்டிக்கிட்டு இருக்கும்போது பெருசா கூடல. அந்தச் சும்மா இருந்த பத்து விநாடிகளுக்கு அப்புறம்தான் கூடியிருந்தது. 2021-ல அதே குழு மூளையில என்ன நடக்குதுன்னு அளந்து பார்த்தப்போ, ஓய்வு நேரத்துல மூளை அதே வரிசையைச் சுமார் 20 மடங்கு வேகத்துல திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்குதுன்னு சொன்னாங்க. இது நிஜமாவே கத்துக்கிறதா, இல்லை விரல் களைப்பு தீர்றதால வர்ற வேகமான்னு ஆராய்ச்சியாளர்கள் நடுவுல இன்னும் வாக்குவாதம் இருக்கு. எதுவா இருந்தாலும் நமக்குச் செலவு பத்து விநாடிதான்.

ட்ரெய்னிங் மோட்ல ஒரு காம்போ வரலைன்னா நாம என்ன பண்றோம்? பல்லைக் கடிச்சுக்கிட்டு மூச்சு விடாம நாப்பது தடவை போடறோம். அதுக்குப் பதிலா நாலு தடவை போடுங்க. கையைத் தொடையில வைங்க. பத்து எண்ணுங்க. மறுபடி நாலு.

ரெண்டு மேட்சுக்கு நடுவுல

தோத்த உடனே 'ரீமேட்ச்' பட்டனை அமுக்குற விரல் இருக்கே, அதுதான் நம்ம உடம்புலேயே வேகமான விரல். யோசிக்கிறதுக்கு முன்னாடி போயிடும். அந்த நேரம் நாம ஆடப் போறது எதிராளியோட இல்லை. போன மேட்சோட ஆடறோம். போன தடவை குதிச்சு அடிச்சான்கிற கடுப்புல, இந்தத் தடவை அவன் குதிக்காதப்பவும் மேலேயே பார்த்துக்கிட்டு இருப்போம்.

எனக்கு உதவினது ஒரு சின்ன வழக்கம். தோத்ததும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறது. குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும்: 'எதுக்கு நான் திரும்பத் திரும்ப அடி வாங்கினேன்?' பதில் 'அவன் சீட்டிங்'னு வந்துச்சுன்னா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சது. 'மூலையில மாட்டினா ஒவ்வொரு தடவையும் குதிச்சேன்'னு வந்துச்சுன்னா ஒரு விஷயம் கிடைச்சிடுச்சு. அடுத்த மேட்ச் ஆடலாம்.

ஒரு ராத்திரி

அதே 4-1-3-2-4 மாதிரி விரல் பயிற்சியை வெச்சு 2002-ல ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில இன்னொரு சோதனை செஞ்சாங்க. காலையில பழகிட்டு, பன்னிரண்டு மணி நேரம் முழிச்சிருந்து, சாயங்காலம் சோதிச்சா பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை. அதுவே ஒரு ராத்திரி தூங்கி எழுந்து சோதிச்சா, வேகம் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடியிருந்தது. நடுவுல கூடுதல் பயிற்சி எதுவும் கிடையாது. தூக்கம் மட்டும்தான்.

இப்போ என்னோட அந்த விடிகாலை மூணு மணியை யோசிச்சுப் பாருங்க. நாலு மணி நேரம் அதிகமா 'பயிற்சி' பண்றதா நெனைச்சு, பயிற்சியைப் பலனா மாத்துற தூக்கத்தையே வெட்டிட்டேன். விதைச்சுட்டு, தண்ணி பாய்ச்ச வேண்டிய நேரத்துல மறுபடி மறுபடி உழுதுக்கிட்டே இருந்த மாதிரி.

ஒரு நாள், ஒரு வாரம்

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி கேம் பத்தினதே இல்லை. பிரிட்டிஷ் தபால் துறை பத்தினது. கடிதங்களைப் பிரிக்க இயந்திரம் வந்தப்போ தபால்காரங்க கீபோர்டுல தட்டக் கத்துக்க வேண்டியிருந்தது. ஆலன் பேட்லி, லாங்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அவங்களை நாலு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு கோடியில, ரெண்டு மணி நேரம் வீதம் நாளைக்கு ரெண்டு வேளை. 1978-ல முடிவை வெளியிட்டாங்க. ஒரே அளவு திறமைக்கு வர, மொத்த மணிக்கணக்குல ரொம்பக் குறைவா செலவழிச்சது அந்த ஒரு மணி நேரக் குழு. ரொம்ப அதிகமா செலவழிச்சது நாலு மணி நேரக் குழு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ரொம்ப அதிருப்தியா இருந்ததும் அந்த ஒரு மணி நேரக் குழுதான்! நாள் கணக்குல பார்த்தா மத்தவங்க முன்னாடி போற மாதிரி தெரிஞ்சது, அதான். அதாவது நல்லா கத்துக்கிற வழி, கத்துக்கிற மாதிரியே தோணாது. இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, மறுபடி வருவோம்.

கேம்களுக்கும் இது பொருந்துதா? 2014-ல ஆக்ஸான்கிற ஒரு ஆன்லைன் கேமை ஆடின எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவங்க தரவை ஆராய்ஞ்சப்போ, ஒரே மூச்சில ஆடினவங்களைவிட ஆட்டத்தை நாட்கள்ல பரப்பி ஆடினவங்க ஸ்கோர் அதிகமா இருந்தது. 2017-ல ஹேலோ: ரீச் கேமை வெச்சு வந்த ஆராய்ச்சி இன்னும் நேர்மையான படம் ஒண்ணு காட்டுது. ஆரம்பத்துல ஒரு மேட்சுக்கு இவ்வளவு முன்னேற்றம்னு கணக்குப் பார்த்தா, வாரத்துக்கு 4 முதல் 8 மேட்ச் ஆடினவங்கதான் முதல்ல. ஆனா மொத்த முன்னேற்றத்துல முந்தினது நிறைய ஆடினவங்களே. அப்போ இடைவெளி விட்டா ஆடவே வேண்டாம்னு அர்த்தம் இல்லை. நம்மகிட்ட இருக்கிற கொஞ்ச நேரத்துக்கு அதிகப் பலன் கிடைக்கும்னுதான் அர்த்தம். வேலைக்குப் போயிட்டு வந்து ஒரு மணி நேரம் ஆடுற நமக்கு, இது நல்ல செய்தி.

அரைக்காத மாவு புளிக்காது

இவ்வளவு நேரம் ஓய்வைப் புகழ்ந்தாச்சு. இப்போ எதிர்ப்பக்கம்.

தோசை மாவு அரைச்ச உடனே சுட்டா சரியா வராது. ராத்திரி வெச்சுப் புளிக்க விடணும். ஆனா வெறும் அரிசியை ராத்திரி முழுக்க வெச்சா, காலையிலயும் அது அரிசிதான். அக்கா கல்யாணக் கதையில நான் ஒண்ணைச் சொல்லாம விட்டேன். அந்தத் தோல்வி வாரங்களுக்கு முன்னாடி ஒரு மாசம், ட்ரெய்னிங் மோட்ல தினமும் பத்து நிமிஷம் டிரைவ் இம்பாக்டுக்குப் பதில் சொல்றதை மட்டும் பழகியிருந்தேன். அப்போ மேட்ச்ல அது வரல. சலிச்சுப் போய் 'இது வேஸ்ட்'னு விட்டுட்டேன். பயிற்சி உள்ளே இருந்தது. கோபமும் தூக்கக் கலக்கமும் அதை மூடி வெச்சிருந்தது. மூணு வாரம் ஒண்ணும் புதுசா கத்துக் கொடுக்கல. மூடியைத்தான் எடுத்தது. ஒருத்தனோட அனுபவத்தை ஆதாரமா எடுத்துக்க வேண்டாம். ஆனா பழகாத ஒண்ணு ஓய்வுல வந்து சேரும்னு மட்டும் யாரும் எதிர்பார்க்க முடியாது.

எப்படிப் பழகுறதுங்கிறதும் முக்கியம். 1979-ல ஷே, மோர்கன்னு ரெண்டு பேர் ஒரு சோதனை செஞ்சாங்க. கையில ஒரு டென்னிஸ் பந்தை வெச்சுக்கிட்டு, சின்ன மரத் தடுப்புகளைச் சொன்ன வரிசையில வேகமா தட்டிவிடணும். மூணு வகை வரிசை. ஒரு குழு முதல் வரிசையை முழுசா முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போச்சு. இன்னொரு குழுவுக்கு மூணும் கலந்து கலந்து வந்தது. பயிற்சி நேரத்துல முதல் குழுதான் வேகம். பத்து நாள் கழிச்சுச் சோதிச்சா, கலந்து பழகினவங்க முன்னாடி!

மறுபடி அந்தத் தபால்காரங்க பாடம்தான். பயிற்சி சுகமா ஓடினா அது நல்ல பயிற்சின்னு அர்த்தம் இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ட்ரெய்னிங் மோட்ல டம்மிக்குப் பல அசைவுகளைப் பதிவு பண்ணி, மாத்தி மாத்தி ஓட விடலாம். ஒண்ணுல டிரைவ் இம்பாக்ட், ஒண்ணுல குதிச்சு அடி, ஒண்ணுல சும்மா நடந்து வர்றது. எது வரும்னு தெரியாது. பார்த்துத்தான் பதில் சொல்லணும். முதல் நாள் கேவலமா இருக்கும். மேட்ச்ல நடக்கிறதும் இதுதானே?

வருஷக்கணக்குல ஒரு இடைவெளி

இடைவெளின்னு பேசினா ஜப்பானைச் சேர்ந்த டைகோ உமெஹாராவைப் பத்திப் பேசாம முடிக்க முடியாது. 1998-ல, 17 வயசுல, ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா 3 போட்டிக்காக சான் பிரான்சிஸ்கோ போய் அமெரிக்க சாம்பியனைத் தோற்கடிச்சவர். 2004-ல கலிபோர்னியாவுல நடந்த ஈவோ போட்டியில அவர் பண்ணினது இன்னிக்கும் யூடியூப்ல ஓடிக்கிட்டே இருக்கு. அவரோட கென் கேரக்டருக்கு உயிர் ஒரு நூல் அளவுதான் மிச்சம். சும்மா தடுத்தாக்கூட அந்தச் சேதத்துல செத்துடும். எதிர்ல ஜஸ்டின் வாங், சுன்-லியோட சூப்பரை விடறார். 15 உதை. டைகோ ஒவ்வொண்ணையும் சரியான கணத்துல பேரி பண்ணி, திருப்பி அடிச்சு அந்த ரவுண்டை ஜெயிச்சார். 'ஈவோ மொமென்ட் 37'னு அதுக்குப் பேரே வெச்சுட்டாங்க. அந்தத் தொடரோட இறுதிப் போட்டியில அவர் தோத்தார்ங்கிறது பலருக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் அவர் கேமை விட்டே போனார். சில வருஷம் மாஜோங் ஆட்டத்துல இறங்கினார். அதையும் விட்டுட்டு, வயசானவங்களைப் பார்த்துக்கிற இல்லத்துல வேலை பார்த்தார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்தப்போ மறுபடி ஆர்கேடுக்குப் போனார். 2009, 2010 ரெண்டு வருஷமும் ஈவோ சாம்பியன். 2009 இறுதிப் போட்டியில எதிர்ல உட்கார்ந்திருந்தது யாரு? அதே ஜஸ்டின் வாங்.

இதைக் கேட்டுட்டு 'நானும் மூணு வருஷம் லீவு விடறேன்'னு கிளம்பிடாதீங்க. போறதுக்கு முன்னாடி அவர் கையில பத்து வருஷத்துக்கும் மேலான ஆட்டம் இருந்தது. திரும்பி வந்த அப்புறமும் உட்கார்ந்து புது கேமைக் கத்துக்கிட்டார். இந்தக் கதையில எனக்குப் பிடிச்சது வேற. விட்டுட்டுப் போனா எல்லாம் போச்சுன்னு ஒரு பயம் நமக்கு இருக்கே, அந்தப் பயத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அப்போ இன்னிக்கு ராத்திரி என்ன பண்றது?

நான் இப்போ பண்றதைச் சொல்றேன். உங்க நேரத்துக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கோங்க.

நாளைக்கு ஒரு மணி நேரம். முதல் பதினஞ்சு நிமிஷம் ட்ரெய்னிங் மோட், அதுவும் ஒரே ஒரு விஷயம். நடுநடுவுல பத்து விநாடி கையை எடுக்கணும். அடுத்த அரை மணி நேரம் மேட்ச். அன்னிக்கு வெற்றி தோல்வியை எண்ண மாட்டேன், பழகின அந்த ஒரு விஷயம் எத்தனை தடவை வந்ததுன்னு மட்டும்தான் எண்ணுவேன். கடைசிப் பதினஞ்சு நிமிஷம் தோத்த ஒரு மேட்சோட ரீப்ளே. தொடர்ந்து ரெண்டு தோல்வின்னா தண்ணி. மூணுன்னா நேரா ரீப்ளேதான். வாரத்துல ஒரு நாள் தொடவே மாட்டேன். தூங்கப் போறதுக்கு முன்னாடி ரேங்க் மேட்ச் கிடையவே கிடையாது.

ரொம்ப நாள் கழிச்சுத் திரும்பி வர்றீங்களா? முதல்ல மறக்கிறது நுணுக்கமான கை டைமிங். அதனால முதல் நாள் ட்ரெய்னிங் மோட். அடுத்து ரேங்க் இல்லாத கேஷுவல் மேட்ச். ரேங்க் ஓடிப் போகாது. முதல் நாள் கையை வெச்சு 'எல்லாம் மறந்துடுச்சு'னு முடிவு பண்ணிடாதீங்க.

மணிக்கட்டுலயோ கட்டைவிரல்லயோ வலி இருந்தா, அது வேற கணக்கு. அதைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்ட முடியாது. நிறுத்துங்க. ரெண்டு நாள்ல போகலைன்னா டாக்டரைப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. நான் டயமண்ட் ஆயிட்டேனான்னு கேப்பீங்க. ஆயிட்டேன், கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அஞ்சாவது மேட்ச்ல. அடுத்த மேட்ச் தேடுதுன்னு திரையில வந்தது. அணைச்சிட்டு அம்மாவோட கடைக்குப் போனேன். "இன்னிக்கு யாரையும் திட்டலையா?"ன்னாங்க. இல்லைம்மான்னேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் நல்லா ஆடுங்க, நல்லா தூங்குங்க.